யார் ஓதுவது

மஹ்விஷின் நிக்காஹுக்கு ராயப்பேட்டையில் மண்டபம் கிடைத்துவிட்டது. பிரியாணி மாஸ்டரிடம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை ரெஹானுக்கு ஷெர்வானித் துணிகூட எடுத்தாகிவிட்டது. நிக்காஹை யார் ஓதுவது என்பதில்தான் எல்லாம் போய் நின்றது.

அந்தப் பேச்சை எடுத்தவர் ரெஹானின் தாயார் ஜுவேரியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த மஹ்விஷின் தாய் அமீனா பீயின் ஒன்றரை அறை வீட்டுக்கு, கையில் ஒரு டப்பா தொதல் இனிப்போடு வந்தார். அவர்களுக்குப் பூர்வீகம் கீழக்கரை. அடையாறுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. நல்ல மனுஷி. நாற்காலி எடுத்துப் போட்டும் பாயிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"லாத்தா, ஒரு விஷயம். எங்க மூத்த மக்க ரெண்டு பேருக்கும் எங்க ஹஜ்ரத்துதான் நிக்காஹ் ஓதுனாங்க. ரெஹானுக்கும் அவங்களே ஓதணும்னு அவங்க வாப்பாவுக்கு ஆசை."

"ஓதட்டுமே" என்றாள் அமீனா.

"அதுல ஒண்ணு இருக்கு. நாங்க ஷாஃபி வழி. எங்களுக்கு வலி, அதான் பொண்ணுக்குப் பொறுப்பானவங்க, இல்லாம நிக்காஹ் கூடாது. பொண்ணோட வாப்பா முன்னுக்கு நின்னு பொண்ணைக் கொடுக்கணும்." ஜுவேரியா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க... உசுரோடதானே இருக்காங்க?"

"இருக்கார்" என்றாள் அமீனா. பால்காரர் வந்துவிட்டாரா என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படி.

ஜுவேரியா அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அமீனா தொதல் டப்பாவைத் திறந்து, ஒரு துண்டைத் தட்டில் வைத்து, அவர் பக்கமே நகர்த்தினாள்.

அவர் போன பிறகு அமீனாவின் அக்கா குல்ஷன் வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். இந்த வீட்டில் எது நடந்தாலும் அரைமணி நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. கோபம் வந்தால் குல்ஷன் தமிழுக்குத் தாவிவிடுவாள்.

"இன்னா அநியாயம் இது? ஓடிப்போனவன்கிட்டப் போயி கையேந்தணுமா? நாம ஹனஃபி. வயசுக்கு வந்த பொண்ணு தன் வாயால சம்மதம் சொன்னா முடிஞ்சுது. நம்ம தெரு ஹஜ்ரத் ஓதட்டும். பொண்ணு சார்பா வக்கீலா என் வீட்டுக்காரர் நிப்பாரு. அவ்ளோதான் மேட்டரு."

மஹ்விஷ் உள்ளே இருந்து தலை துவட்டிக்கொண்டே வந்தாள். இருபத்தைந்து வயது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ரெஹானின் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது நடக்கப் பழக்கிவிட்டவள் அவள்தான். சம்பந்தம் அங்கேதான் ஆரம்பித்தது.

"யார் வேணா ஓதட்டும் அம்மீ. அந்த வீட்டோட எனக்கு மனஸ்தாபம் வேணாம், அவங்க ஹஜ்ரத்தே ஓதட்டும். ஆனா அந்த ஆளு வந்து 'அப்பா'ன்னு சபையில உக்காரக் கூடாது. உக்காந்தா நான் எழுந்து போயிடுவேன். சொல்லிட்டேன்."

"ரெண்டும் எப்படிடி ஆவும்?" என்று குல்ஷன் கத்தினாள். இருவரும் அமீனாவைப் பார்த்தார்கள். அமீனா ஈரத் துண்டை மகளிடமிருந்து வாங்கிக் கொடியில் போட்டாள்.

தெரு ஹஜ்ரத் ஓதினால் சுலபம்தான். அதில் அமீனாவுக்கு ஒரு தடை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கணவன் அன்வர் பாஷா ஜி.பி. ரோட்டில் கார் சீட் கவர் தைப்பவன். மஹ்விஷுக்கு நாலு வயதாகும்போது பெங்களூரில் பெரிய வேலை என்று போனான். முதல் மாதம் பணம் வந்தது, இரண்டாம் மாதம் போன் வந்தது. ஆறாம் மாதம் பள்ளிவாசல் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. தெரு ஹஜ்ரத் அமீனாவையும் அவள் தகப்பனாரையும் பள்ளிவாசலை ஒட்டிய ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஹஜ்ரத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தை வாசித்தார். தலாக் என்ற சொல் வந்த இடத்திலும் அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குர்ஆன் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அதே குரல். மஹ்விஷ் தண்ணீர் கேட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, அமீனா வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள்.

அன்று அவள் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. அழாததால் அவளுக்குத் தைரியசாலி என்று தெருவில் பேர் வந்தது. உண்மையில், கால் மேல் கால் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் ஒரு கால் மரத்துப்போகுமே, அப்படி ஏதோ ஒன்று உள்ளே மரத்தது. எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். தி. நகரில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் அளவு எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தோரு வருஷம் நடந்தாயிற்று. அது சரியாகவும் இல்லை, வலிக்கவும் இல்லை. ஹஜ்ரத்தின் குரல் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் ஒலிபெருக்கியில் வரும்போது அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அவ்வளவுதான். அந்தக் குரல் தன் மகளின் நிக்காஹை ஓதுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆக, அந்தப் பக்கம் போனால் அந்தக் குரல். இந்தப் பக்கம் போனால் அந்த மனுஷன்.

புதன்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அடையாறு போனாள். ஜுவேரியா வீட்டு ஹஜ்ரத் ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில் இருந்தார். அறுபது வயது இருக்கும். மருதாணி போட்ட தாடி. அமீனா வாசல் பக்கமாக உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். கடிதம் வந்ததைச் சொன்னாள். வாசித்தவரைப் பற்றிச் சொல்லவில்லை.

"அதுக்கப்புறம் பிள்ளையைப் பாக்க வந்தாரா?"

"இல்ல."

"செலவுக்கு?"

"இல்ல."

ஹஜ்ரத் தாடியை நீவிக்கொண்டார். பிறகு, "அப்படிப்பட்டவரைத் தள்ளிவச்சுட்டு ஓதலாம்னு சொல்றவங்க இருக்காங்கம்மா. நான் அதைச் செஞ்சா நாளைக்கு யாராச்சும் அந்தப் பிள்ளையப் பாத்து, உன் நிக்காஹ் கூடுமான்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி அதுக்கு வரக் கூடாது" என்றார். "ஆனா அவர் நேர்ல வந்து உக்காரணும்னு சட்டம் இல்ல. பொறுப்பை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கலாம். வகாலத்துன்னு சொல்லுவோம். என் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு, எனக்கு ஒரு போன் போட்டு வாயால சொல்லிட்டா போதும். அவர் இடத்துல நின்னு நானே பிள்ளையைக் கொடுத்துடுவேன்."

"அவர் வர வேணாமா?"

"வர வேணாம்."

"எழுத்து போதுமா?"

"போதும்மா." அவர் தயங்கிவிட்டு, "போய்க் கேக்குறது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் ஆள் அனுப்புறேன்" என்றார்.

கஷ்டமாக இருக்கிறதா என்று அமீனா தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கைக்குத் தட்டுப்படவில்லை. "நானே போறேன் ஹஜ்ரத்" என்றாள்.

அன்வர் பாஷா பெங்களூரை விட்டு வந்து பாலவாக்கத்தில் கடை போட்டிருப்பது ஆறு வருஷமாக எல்லோருக்கும் தெரியும். திருவான்மியூர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஈ.சி.ஆர். ரோட்டு வெயிலில் கண் கூசியது. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் அவள் போர்டுகளைப் படித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இன்னாமா தேடுற?" என்றார்.

"அன்வர் பாஷா. சீட் கவர்."

"பாயா? உள்ள தான் கீறாரு, போ."

தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு வயதான மனிதர் ரெக்சின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அவள் மனதில் இருந்தவன் முப்பது வயதுக்காரன். இவருக்கு முன்பல் ஒன்று இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தவர், மடிப்பை அப்படியே விட்டுவிட்டார்.

"அமீனா."

"மஹ்விஷுக்கு நிக்காஹ். பதினெட்டாம் தேதி" என்றாள் அவள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது இந்த ஒரு வரியைத்தான். அதைச் சொல்லி முடித்ததும் மீதியும் தானாக வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஷாஃபி, அவர்கள் ஹஜ்ரத் ஓதுகிறார், ஓர் எழுத்து வேண்டும், ஒரு போன் செய்ய வேண்டும்.

அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காரவா வேண்டாமா என்று அவள் யோசிப்பதற்குள் உள்ளே திரும்பி, "தூபா, தண்ணி கொண்டா" என்று கூப்பிட்டார்.

பதினான்கு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சொம்பும் டம்ளருமாக வந்தாள். அளவு எடுத்துப் பழகிய கண் அமீனாவுக்கு. ஆளைப் பார்க்குமுன் தோளைப் பார்க்கும். அந்தப் பெண்ணுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. மஹ்விஷுக்கும் அப்படித்தான், அவள் ரவிக்கைக்கெல்லாம் இடது பக்கம் உள்ளே சின்னதாக ஒரு துணி வைத்துத் தைக்க வேண்டும். அமீனா தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

"எந்த க்ளாஸ்?"

"டென்த், ஆண்ட்டி."

பெண் உள்ளே போனாள். அன்வர் பாஷாவின் கண்கள் கலங்கியிருந்தன. "நானே வர்றேன் அமீனா. எழுத்து எதுக்கு? நான் அவ அப்பா."

"அதனாலதான் வந்திருக்கேன்."

"அவளை ஒரு தடவை..."

"அவ வேணாங்கறா." அவள் குரலில் சூடு இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம், இந்த அளவுக்கு இந்தத் துணி பத்தாது என்று சொல்வாளே, அந்தக் குரல். "நீங்க வந்து உக்காந்தா எழுந்து போயிடுவேன்னு சொல்றா. செய்வா. எழுதிக் கொடுங்க, போதும்."

அவர் தன்னைத் திட்டச் சொல்லி அவளைக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அவள் காத்திருந்தாள். வெளியே ஒரு தண்ணீர் லாரி போயிற்று. கடைசியில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு தாளைக் கிழித்து உருதுவில் எழுத ஆரம்பித்தார். எழுத்து மறந்துபோயிருந்தது, இரண்டு இடத்தில் அடித்து எழுதினார். ஹஜ்ரத்தின் எண்ணை அமீனா சொல்ல, போன் போட்டார். "ஆமா ஹஜ்ரத், என் மகள் மஹ்விஷ்... ஆமா... என் சம்மதத்தோடதான்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

அமீனா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "வர்றேன்" என்றாள், வீட்டுக்கு வந்துபோகும் எவரும் சொல்வதுபோல.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இப்போதாவது ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். திருவான்மியூர் வந்தது, அடையாறு டெப்போ வந்தது, பட்டினப்பாக்கம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலம் மஹ்விஷ் தாளை விரித்துப் பார்த்தாள். அவளுக்கு உருது படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கான்?"

"சம்மதம்னு எழுதியிருக்கார்."

"வரமாட்டான்ல?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"நீ போனியா அம்மீ? தனியாவா?" மஹ்விஷ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுதியா?"

"இல்லடி. தண்ணி குடிச்சேன்."

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. நிக்காஹ் பதிவாகப் போவது பெண் வீட்டு ஜமாத் தஃப்தரில். வேறு ஹஜ்ரத் வந்து ஓதுகிறார் என்றால் தெரு ஹஜ்ரத்திடம் முறையாகச் சொல்ல வேண்டும். குல்ஷனின் கணவர் போகிறேன் என்றார். அமீனா வேண்டாம் என்று தானே போனாள்.

அதே ஆபீஸ் அறை. மேஜை மாறியிருந்தது, மின்விசிறி மாறியிருந்தது. ஹஜ்ரத்துக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். தெருப் பெண்களையெல்லாம் அவர் மகளே என்று, பேட்டி என்றுதான் கூப்பிடுவார். "நல்லது பேட்டி. அவங்க மனசுக்கு அது நிம்மதின்னா அப்படியே செய்யலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. அவங்க கேட்டாங்கங்கறதுக்காக மட்டும்தானா? இந்தத் தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் ஓதியிருக்கேன்."

அமீனா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"அன்வர் பாஷா கடிதாசை எனக்கு வாசிச்சது நீங்க, ஹஜ்ரத். இதே ரூம்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து நாலு."

"ஞாபகம் இல்லையே பேட்டி" என்றார். அவருக்கே அது வெட்கமாக இருந்தது. "அந்த மாதிரி நிறைய வரும். அப்பல்லாம் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். ஒவ்வொண்ணும் மனசுல இருக்குன்னு சொன்னா பொய்யாப் போயிடும்." எழுந்து அலமாரிப் பக்கம் போகப் பார்த்தார். "பழைய ரிஜிஸ்தர்ல இருக்கும், பாக்கட்டுமா?"

"வேணாம் ஹஜ்ரத்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "நான் வாசிச்ச விதம் தப்பா இருந்துச்சா?"

அமீனா யோசித்துப் பார்த்தாள். இருபத்தோரு வருஷமாக அவள் காதில் இருந்த குரல் அது. அந்தக் குரலுக்கு உரியவரிடம் அந்த நாள் இல்லை. அவர் வாசித்த காகிதங்களில் ஒன்றாக எங்கேயோ போய்விட்டிருந்தது. கோபப்பட வேண்டிய இடம் இதுதானோ என்று நினைத்தாள். எதிரே இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ஹஜ்ரத். தெளிவா வாசிச்சீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு அவரே ஓதட்டும். அதுதான் சரி" என்றார். "தஃப்தரை எடுத்துக்கிட்டு நான் வர்றேன். ஓரமா உக்காந்திருப்பேன். ஒரு சாட்சி கையெழுத்து நான் போடலாமா?"

"வாங்க" என்றாள் அமீனா.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். சாட்சிகள் மேலே வந்து கேட்டபோது மஹ்விஷ் தலையை நிமிர்த்தி, "சம்மதம்" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள். யாரோ சிரித்தார்கள். கேட்டு நின்றவர்களில் தெரு ஹஜ்ரத்தும் ஒருவர். மாடிப்படி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு அடையாறு ஹஜ்ரத்தின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. சற்றுக் கரகரத்த, அமீனாவுக்குப் பழக்கமே இல்லாத குரல். "தந்தை அன்வர் பாஷா எனக்கு அளித்த பொறுப்பின்படி" என்று அது சொன்னபோது மஹ்விஷ் அம்மாவைப் பார்த்தாள். அமீனா மகளின் துப்பட்டாவில் கழன்றிருந்த ஊசியைச் சரிசெய்தாள். ரெஹான் ஒப்புக்கொண்டது கேட்டது. துஆ ஓதினார்கள். ஜுவேரியா ஓடி வந்து அமீனாவின் வாயில் சர்க்கரையைப் போட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். அமீனா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இரண்டாம் பந்தி நடக்கும்போது குல்ஷன் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். "அவன் வந்து நிக்கிறான்டி. எதிர்ல, ஜூஸ் கடைகிட்ட. பொண்ணையும் இட்டுக்கினு வந்திருக்கான். நான் போய் நாலு வாங்கு வாங்கட்டுமா?"

"நான் பாக்கறேன் ஆபா."

ரோட்டைக் கடந்து போனாள். அன்வர் பாஷா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தூபாவுக்குப் பச்சையில் புதுச் சுடிதார்.

"உள்ள வரல அமீனா" என்று அவசரமாகச் சொன்னார். "இங்கருந்தே கேட்டேன். மைக்ல கேட்டுச்சு. இவதான் அக்காவைப் பாக்கணும்னு..."

அமீனா அவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வெயிலில் நின்று நின்று மூக்கு நுனி வியர்த்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். கல்யாண வீட்டில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இவர்களிடமும் அதுவே வந்தது. "நிக்காஹ் முடிஞ்சுது. பின்பக்கம் வாசல் இருக்கு. கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க. மேல வர வேணாம்." தூபாவிடம், "நீ வா" என்றாள்.

மாடியில் மஹ்விஷ் சோபாவில் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தாள். படியேறி வரும் பச்சைச் சுடிதாரைப் பார்த்ததும், "இது யாரு அம்மீ?" என்றாள்.

"தூபா. பாலவாக்கத்துலேர்ந்து வந்திருக்கா."

மஹ்விஷின் முகம் இறுகியது. அம்மாவைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள், வேறு யாரும் வரவில்லை. தூபா என்ன செய்வதென்று தெரியாமல், கையில் கசங்கிய பரிசு உறையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிசியோதெரபிஸ்டின் கண் அந்தப் பெண்ணின் தோளில் போய் நின்றதை அமீனா கவனித்தாள்.

"ஸ்கூல் பேக் ஒரே பக்கமா மாட்டறியா?" என்று மஹ்விஷ் கேட்டாள்.

"இல்லக்கா. எனக்கு இது பொறந்ததுலேர்ந்தே..."

மஹ்விஷ் உறையை வாங்கிக்கொண்டாள். லெஹங்காவை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். ஒரு ஆள் உட்காரும் இடம் வந்தது. போட்டோகிராபர் கேமராவை இறக்கி, "இவங்க ஃபேமிலியாம்மா? எடுக்கலாமா?" என்று அமீனாவைக் கேட்டார்.

"எடுங்க" என்றாள்.

கீழே இறங்கி வந்தாள். பின்வரிசையில் அன்வர் பாஷா தனியாக உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மேஜை தள்ளி இரு ஹஜ்ரத்துகளும் எதிரெதிரே உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை என்று குல்ஷன் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். பிரியாணி மாஸ்டரே வந்து பரிமாறிவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

"உப்பு சரியா கீதாமா?"

அமீனா ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"சரியா இருக்கு" என்றாள்.